ஆறு மாதம்தானே

சென்னையிலிருந்து எக்ஸ்சேஞ்ச் மாணவனாகக் கிளம்புகிறவன் முதலில் அம்மாவைத் தேற்றுவதற்காக ஒன்று சொல்வான்: "ஆறு மாசம்தானேம்மா." விமானம் ஏறிய பிறகு அதையே தனக்குச் சொல்லிக்கொள்ள ஆரம்பிக்கிறான். நல்ல தலையணை எதற்கு, ஆறு மாசம்தானே. ஜெர்மன் வகுப்பில் சேர்வானேன், வகுப்பெல்லாம் இங்கிலீஷில்தானே நடக்கிறது. பக்கத்து அறைக்காரனோடு பழகி என்ன ஆகப்போகிறது. தேறுதலாகத் தொடங்கியது மெல்ல மெல்ல ஒரு வாழ்க்கை முறையாகிவிடுகிறது. நானும் அப்படித்தான் கொஞ்ச நாள் வாழ்ந்தேன். தவறு என்று சொல்லமாட்டேன். திரும்பும் டிக்கெட்டின் தேதி தெரிந்த ஒருவன் ஓர் ஊரில் எவ்வளவு குடியேற வேண்டும் என்பது நியாயமான கேள்விதான்.

நான் போன ஊர் ஆஹன். ஜெர்மனியின் மேற்குக் கோடியில், நெதர்லாந்தும் பெல்ஜியமும் வந்து முட்டுகிற மூலை. ஊரில் ஏறத்தாழ இரண்டரை லட்சம் பேர், அதில் ஆர்.டபிள்யூ.டி.எச். மாணவர்களே 40,000-க்கு மேல். 1870-இல் தொடங்கிய அந்தத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துக்கும் சென்னைக்கும் பழைய உறவு உண்டு. மேற்கு ஜெர்மனியின் உதவியோடு 1959-இல் சென்னை ஐ.ஐ.டி. எழுந்தபோது கைகொடுத்த பல்கலைக்கழகங்களில் அதுவும் ஒன்று.

பார்க்க வேண்டியவற்றைச் சீக்கிரமே பார்த்துவிடலாம். 814-இல் இறந்த பேரரசர் சார்லமேன் அடக்கமான பேராலயம் நடு ஊரில் நிற்கிறது. யுனெஸ்கோ 1978-இல் வெளியிட்ட முதல் உலக மரபுப் பட்டியலிலேயே அதற்கு இடம் கிடைத்தது. பக்கத்தில் எலிசன்புருன்னன் ஊற்று. ரோமானியர்களை இந்த ஊருக்கு இழுத்த வெந்நீர் இன்னும் அங்கே குழாயில் வருகிறது, கூடவே அழுகிய முட்டை நாற்றமும். ஒரு வாரக் கடைசியில் இரண்டையும் பார்த்து, படம் எடுத்து, குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டாயிற்று. திங்கட்கிழமை காலையில் அந்த ஊரில் நமக்கு என்ன வேலை என்ற கேள்வி அப்போதுதான் வருகிறது.

ஊர் அதற்குத் தன் பதிலைக் காகிதத்தில் வைத்திருக்கிறது. வீடு புகுந்த இரண்டு வாரத்துக்குள் நகராட்சி அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். அதற்கு வீடு கொடுத்தவரின் கையெழுத்திட்ட சான்று வேண்டும். இதைவிட என்னை யோசிக்க வைத்தது தபால் பெட்டி. ஜெர்மனியில் அடுக்குமாடி வீடுகளுக்குப் பெரும்பாலும் கதவெண் கிடையாது. தெரு, கட்டட எண், பிறகு உங்கள் பெயர், அவ்வளவுதான் முகவரி. பெட்டியின் மேல் பெயர் ஒட்டாவிட்டால் கடிதம் வந்த வழியே திரும்பிவிடும். நம் ஊரில் தபால்காரருக்கு வழி தெரியாவிட்டால் டீக்கடையில் கேட்பார், "கணக்கு வாத்தியார் வீட்டு மாடி" என்று யாராவது சொல்வார்கள். அங்கே நீங்கள் ஒரு துண்டுக் காகிதத்தில் இருக்கிறீர்கள், அல்லது இல்லவே இல்லை.

நானும் ஒட்டினேன். எனக்கென்று வந்த முதல் கடிதங்களில் ஒன்று வானொலி, தொலைக்காட்சிக் கட்டணம் கேட்டு வந்தது. குடியிருப்பு ஒன்றுக்கு மாதம் 18.36 யூரோ. டி.வி. இல்லை, ஜெர்மன் புரியாது என்பதெல்லாம் பேச்சே இல்லை. மனம் உடனே ரூபாயாகப் பெருக்கிப் பார்த்தது, வயிறு எரிந்தது. ஆனால் ஊரே என்னைச் சுற்றுலாப் பயணியாக நடத்திக்கொண்டிருந்தபோது, அந்தக் கடிதம் மட்டும் என்னை ஒரு வீட்டுக்காரனாக எண்ணிக் கணக்குக் கேட்டது. விருந்தாளியிடம் யாரும் வரி கேட்பதில்லை.

இதற்குப் பிறகு ஊரின் மற்ற விதிகளும் எனக்கு வேறு மாதிரி தெரிந்தன. குப்பையைக் காகிதம், பிளாஸ்டிக், மக்குவது, மீதி என்று பிரிக்க வேண்டும். கண்ணாடிப் பாட்டிலை நிறம் பார்த்துத் தெருவோரத் தொட்டியில் போட வேண்டும், அதையும் ஞாயிற்றுக்கிழமை போடக் கூடாது, சத்தம் கேட்குமாம். ஞாயிறு ஓய்வுநாள் என்பது 1919-ஆம் ஆண்டு வைமார் அரசியல் சட்டத்தில் எழுதப்பட்டு, இன்றைய அரசியல் சட்டத்திலும் அப்படியே தொடர்கிறது. கடைகள் அடைத்திருக்கும். அரிசி தீர்ந்துபோனால் எல்லை தாண்டி ஃபால்ஸுக்குப் பஸ் ஏறுவோம். அது நெதர்லாந்து, சூப்பர்மார்க்கெட் திறந்திருக்கும். அரசியல் சட்டத்துக்குப் பஸ்ஸிலேயே ஓர் ஓட்டை! வகுப்புகள் மட்டும் குறித்த நேரத்துக்குக் கால் மணி தாமதமாகத்தான் தொடங்கும். அது பல்கலைக்கழக மரபு. ஜெர்மானியரின் நேரம் தவறாமை பற்றி நமக்குச் சொல்லி வளர்த்தவர்கள் இதை மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டார்கள்.

இருட்டைப் பற்றியும் யாரும் சொல்லவில்லை. அக்டோபர் கடைசி ஞாயிறன்று கடிகாரத்தைப் பின்னால் தள்ளுகிறார்கள். இந்தியாவோடு மூன்றரை மணியாக இருந்த வித்தியாசம் நாலரை மணி ஆகிறது. டிசம்பரில் நாலரை மணிக்கெல்லாம் சூரியன் போய்விடும். வகுப்பு முடிந்து அறைக்கு வந்து, அம்மாவுக்கு வீடியோ கால் போடலாம் என்றால் அங்கே தூங்கப் போகிற நேரம். அந்த மாதங்களில் தமிழ்ப் பையன்கள் ஒன்றாகச் சேர்ந்து சாம்பார் வைத்தோம். "நம்மவங்களோடயே ஒட்டிக்காதே, வெளியே போய்ப் பழகு" என்று அறிவுரை சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு அதில் பாதிதான் சம்மதம். எந்த அலுவலகத்தில் எந்தக் காகிதம் கேட்பார்கள், குளிருக்கு எத்தனை அடுக்கு போட வேண்டும் என்பதையெல்லாம் எனக்குச் சொல்லித் தந்தது அந்தச் சாம்பார்க் கூட்டம்தான்.

ஆனாலும் அந்தக் கூட்டத்திலும் எல்லோருக்கும் தேதி இருந்தது. தேதி இல்லாத ஒருவரை நான் சந்தித்தது கறிவேப்பிலை வாங்கப் போன கடையில். ஈழத்துக்காரர், எண்பதுகளின் நடுவில் புகலிடம் தேடி வந்தவர். காசைத் திருப்பித் தந்தபடி கேட்டார்: "தம்பி இருக்க வந்தனீங்களோ, படிச்சுப்போட்டுப் போகவோ?"

"போயிடுவேன் அண்ணா. ஆறு மாசம்தான்."

அவர் சிரித்தார். "எனக்கும் ஆறு மாசம்தான் தந்தவங்கள். ஆறு மாசத்துக்கு ஒருக்கா நீட்டுவாங்கள். அப்படியே கன வருசம்."

புகலிடம் கேட்டவர்கள் தங்களுக்கு ஒதுக்கிய எல்லையைத் தாண்டக் கூடாது என்று 1982-இல் மேற்கு ஜெர்மனி சட்டம் கொண்டுவந்திருந்தது. பக்கத்து ஊருக்குப் போவதென்றாலும் அனுமதி வாங்க வேண்டும். அரிசி தீர்ந்தால் நாங்கள் ஏறுகிற பஸ்ஸில் அவர் அப்போது ஏறியிருக்க முடியாது. எந்த ஆறு மாதம் கடைசி ஆறு மாதம் என்று தெரியாமலே பிள்ளையைப் பள்ளியில் சேர்த்திருக்கிறார், மொழியைப் படித்திருக்கிறார், பின்னால் கடையும் போட்டிருக்கிறார். அவரைப் போன்றவர்கள் சேர்ந்துதான் ஹம் நகரத்தில் காமாட்சி அம்மனுக்குக் கோபுரத்தோடு கோயில் எழுப்பி 2002-இல் குடமுழுக்கும் நடத்தினார்கள். "தேர் கோடையிலதான். நீங்கள் நிக்கமாட்டீங்கள் என்ன?" என்றார். அவர் முன்னால் நின்று 'ஆறு மாசம்தானே' என்று சொல்ல எனக்கு என்ன தகுதி என்று கூச்சமாக இருந்தது. அவருக்கு அது தண்டனைபோலக் கொடுக்கப்பட்டது. நான் அதைச் சலுகையாக எடுத்துக்கொண்டிருந்தேன்.

பின்னாளில் சுவெர்ரே லிஸ்கோர் என்ற நார்வே சமூகவியலாளரின் 1955-ஆம் ஆண்டு ஆய்வைப் படித்தேன். ஃபுல்பிரைட் உதவியோடு அமெரிக்கா போய்த் திரும்பிய நார்வேக்காரர்கள் 200 பேரிடம் அவர் பேசியிருந்தார். ஆறு மாதத்துக்குக் குறைவாக இருந்தவர்கள் நன்றாகப் பொருந்தியிருந்தார்கள். பதினெட்டு மாதத்துக்கு மேல் இருந்தவர்களும் அப்படியே. இடைப்பட்டவர்கள்தான் திண்டாடினார்கள். எல்லா ஆய்வாளர்களும் இதை ஒப்புக்கொள்ளவில்லை. தொடக்க வாரங்கள்தான் மிகக் கடினம் என்று கண்டவர்களும் உண்டு. ஆனால் லிஸ்கோர் சொன்ன காரணம் எனக்குச் சுருக்கென்றது. முதலில் மேலோட்டமான பழக்கமே நமக்குப் போதுமானதாக இருக்கிறது. பிறகு மனம் நெருக்கத்தைக் கேட்கிறது, அது கிடைக்காதபோதுதான் தனிமை தெரிகிறது. ஆறு மாதத்தில் திரும்புகிறவன் "சூப்பரா செட் ஆயிட்டேன்" என்று சொல்வது பொய்யல்ல. அந்த ஊரிடம் அவன் இன்னும் எதையும் கேட்க ஆரம்பிக்கவில்லை, அவ்வளவுதான்.

மறுபக்கமும் உண்டு. என் மாடியில், பக்கத்து அறையில், ஒரு ஜெர்மன் மாணவன் மூன்று வருடமாக இருந்தான், இயந்திரப் பொறியியல் படித்தான். வணக்கத்துக்கு வணக்கம், அதற்கு மேல் ஒரு சொல் கிடையாது. இவர்களே இப்படித்தான் என்று நாங்கள் பேசிக்கொள்வோம். வெகு நாள் கழித்து, பழகிய பிறகு, சமையலறையில் அவனே சொன்னான். ஒவ்வொரு அக்டோபரிலும் ஏப்ரலிலும் புதிதாகச் சிலர் வருகிறார்கள், முதல் வருடம் எல்லோரோடும் பழகினான், எல்லோரும் போய்விட்டார்கள், கிறிஸ்துமஸ் வாழ்த்து அனுப்புவார்கள், பிறகு அதுவும் நிற்கும். அவன் உம்மென்று இருந்தது குணத்தால் அல்ல. களைப்பு. எங்கள் ஆறு மாதங்களை வரிசையாக அடுக்கினால் அது அவனுடைய மூன்று வருடம். போகிறவனுக்கு ஒரு பிரிவுதான், அவனுக்கு வருடத்துக்கு இரண்டு.

அந்த மாடியின் சமையலறைச் சுவரில் ஒரு புட்ஸ்பிளான் தொங்கியது. யார் எந்த வாரம் அடுப்பு துடைப்பது, யார் குப்பையைக் கீழே கொண்டுபோவது என்கிற முறைப் பட்டியல். அதில் எக்ஸ்சேஞ்ச் மாணவர்கள் யார் பெயரும் இல்லை. விளக்கிச் சொல்லி, நினைவூட்டி, அவர்கள் பழகுவதற்குள் கிளம்பிவிடுவார்கள் என்று விட்டிருந்தார்கள். பலருக்கு அது வசதியாக இருந்தது, எனக்கும்தான். கடைக்கார அண்ணனைப் பார்த்து வந்த பிறகு அது வசதியாகப் படவில்லை. பேனாவை எடுத்து அடியில் என் பெயரை எழுதினேன். பக்கத்து அறைக்காரன் பார்த்தான், ஒன்றும் சொல்லவில்லை.

என் முறை வந்து போன மறுநாள் கதவைத் தட்டினான். தொட்டியைக் கழுவினால் போதாது, ஈரமில்லாமல் துடைக்கவும் வேண்டும், இல்லாவிட்டால் சுண்ணாம்புக் கறை படியும் என்று காட்டினான். அவனாக என்னிடம் பேசிய முதல் பேச்சே ஒரு குறை. அதிலிருந்துதான் மற்றதெல்லாம் வந்தது: அவனுடைய தேர்வுக் கவலை, அப்பாவோடு பேச்சில்லாத கதை, நான் வைத்த ரசத்தைக் குடித்துவிட்டு அது சூப்பா மருந்தா என்று கேட்டது. அந்தப் பட்டியலில் பெயர் இல்லாத யாரிடமும் அவன் குறை சொன்னதில்லை. அவர்களிடம் மரியாதையாகத்தான் இருந்தான்.

இதனால் அந்த ஊர் எனக்குப் பிடித்துப்போயிற்று என்று சொல்லவில்லை. ஜனவரி ஆஹனைப் பிடிக்க எனக்குக் காரணம் கிடைக்கவில்லை. மழை, சாம்பல் வானம், மறுபடி மழை. பிடிப்பது வேறு, இருப்பது வேறு. பிடிக்காத ஊரிலும் இருக்கலாம் என்பதை நம் தாத்தாக்களில் பாதிப் பேர் மாற்றலாகிப் போன ஊர்களில் செய்து காட்டியிருக்கிறார்கள்.

மார்ச்சில் கிளம்பும் வாரம் பெட்டி கட்டிக்கொண்டிருந்தேன். முகவரிப் பதிவை நீக்கியாயிற்று, கம்பளிக் கோட்டை அடுத்து வரப்போகும் பையனுக்கு என்று விட்டாயிற்று. பக்கத்து அறைக்காரன் வாசலில் வந்து நின்றான். விடைபெற வந்திருக்கிறான் என்று எழுந்தேன். ஞாயிறு வரைக்கும் குப்பை முறை என்னுடையதுதான், வெள்ளிக்கிழமை கிளம்புவதாக இருந்தால் வியாழனே காகிதத் தொட்டியைக் காலி செய்துவிட முடியுமா என்று கேட்டான். முடியும் என்றேன்.