கெபியடியில் கட்டிக் கிடந்த நாய்



சென்ற வெள்ளிக்கிழமை விடியற்காலை, பூசைக்கு மணியடிக்கப் போன உபதேசியார் என்னைக் கூப்பிட்டார். கெபி அருகே வேப்பமரத்தில் ஒரு செவலை நாய் கட்டிக் கிடந்தது. பக்கத்தில் தட்டு நிறையத் தயிர்ச்சோறு. அன்பில்லாதவர் தயிர்ச்சோறு வைப்பாரா? வைக்கமாட்டார். நாயோ சோற்றைத் தொடாமல் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தது.

உத்தியோக மாற்றம் வரும். வாடகை வீட்டுக்காரர் சம்மதியார். வீட்டில் வியாதி வரும். வளர்த்த பிராணியைப் பிரியவேண்டிய அவசியம் எவருக்கும் நேரலாம். அதைப் பாவமென்று நான் சொல்லவில்லை. இருட்டில் விட்டுவிட்டுப் போவதையே சொல்லுகிறேன். பசி தாகத்தால் வருந்தும்படி பிராணியைக் கைவிடுவது 1960-ம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். மிருகங்களை வீணாய் வருத்துவது மனிதனுடைய மேன்மைக்கே அடாது என்று, திருச்சபை 1992-ல் வெளியிட்ட ஞானோபதேச நூலும் 2418-ம் எண்ணில் போதிக்கிறது.

தொபியாஸ் ஆகமத்தை வாசித்திருப்பீர்கள். இளைய தொபியாஸ் தூரதேசம் புறப்படுகையில் இரபாயேல் சம்மனசானவர் வழித்துணை. கூடவே ஒரு நாயும் போகிறது. அதற்குப் பெயரில்லை, அது ஒரு புதுமையும் செய்யவில்லை. ஆனாலும் போகும்போதும் திரும்பும்போதும் வேதாகமம் அதை மறக்கவில்லை.

ஆகையால் ஊர் மாறப்போவது தெரிந்தவுடனே நாலு பேரிடம் சொல்லிவையுங்கள். வாங்குகிறவரிடம் ஒளிக்காதீர்கள்: கடிக்குமா, இடிச்சத்தத்துக்கு மிரளுமா, எதைத் தின்னும் என்பதையெல்லாம் சொல்லுங்கள். வெறிநாய்த் தடுப்பூசிச் சீட்டையும், அது படுத்துறங்கிய பழைய சாக்கையும் சேர்த்துக் கொடுங்கள். தன் வாசனை இருந்தால் அது சற்றுத் தேறும். முதல் இரண்டு மூன்று வாரம் அவிழ்த்துவிடாதிருக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் பழைய வீட்டைத் தேடி ஓடி, வண்டியில் அடிபட்டுச் சாகும். பூனையானால் கதவைச் சாத்தி வீட்டுக்குள்ளேயே வைத்திருக்கவேண்டும்.

பெற்றோரே, பிள்ளைகளிடம் "நாய் ஓடிப்போய்விட்டது" என்று பொய் சொல்லவேண்டாம். எனக்கு ஏழு வயதில் என் தகப்பனார் அப்படித்தான் சொன்னார். பள்ளிக்கூடம் விட்டதும் தெருத்தெருவாய்ப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டு திரிந்தேன். எத்தனை நாளென்று கணக்கில்லை. அதை ஒரு லாரிக்காரரிடம் கொடுத்துவிட்ட சங்கதியை, நான் குருமடத்தில் சேர்ந்தபிறகு ஒரு விடுமுறையில்தான் அம்மா சொன்னார்கள். அவர் நல்ல மனிதர். நான் அழுவதைப் பார்க்கச் சகிக்காமல் சொன்ன பொய் அது. ஆனால் அழுதிருந்தால் ஒரு வாரத்தில் தீர்ந்திருக்கும். உங்கள் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போங்கள். அவன் கையாலேயே கயிற்றைக் கொடுக்கட்டும்.

செவலை நாய் இப்போது சக்கிறீஸ்து தாழ்வாரத்தில் படுத்திருக்கிறது, கொஞ்சம் தின்கிறது. வளர்க்க ஒரு குடும்பமும் முன்வந்திருக்கிறது. அதைக் கட்டிவிட்டுப் போனவர் இதை வாசித்தால், எந்தச் சாயங்காலமும் என்னிடம் வரலாம். உங்கள் பெயரைக் கேட்கமாட்டேன். நாயின் பெயரை மட்டும் சொல்லிவிட்டுப் போங்கள். அந்த வீட்டுப் பிள்ளைகள் கேட்கிறார்கள்.

உங்கள் பங்கு சுவாமியார்