ஓர் ஆளுக்கான அளவு

கோப்பி போடத் தெரியுமா என்று சென்ற வருடம்வரை யாராவது என்னிடம் கேட்டிருந்தால், தெரியும் என்றே சொல்லியிருப்பேன். சுடுதண்ணீர், தூள், சீனி. இதில் தெரியாமலிருக்க என்ன இருக்கிறது? இருபது வருடங்களுக்கு மேலாகப் பிள்ளைகளுக்குப் படிப்பித்து வரும் ஒருவன், தன் வாழ்நாளில் ஒரு கோப்பைக் கோப்பியைக்கூடத் தன் கையால் ஊற்றிக் குடித்ததில்லை என்ற உண்மை எனக்கு உறைத்தது ஓர் அதிகாலையில்தான்.

வெலிமடையில் சுகவீனமுற்றிருந்த தன் ராத்தாவைப் பார்த்துக்கொள்வதற்காக மனைவி ஒரு மாதம் போயிருந்தார். பதுளைக்கு அருகிலுள்ள எங்கள் கிராமத்து வீட்டில் நானும் உம்மாவும் மட்டும். முதல் நாள் ஸுபஹுக்கு எழும்பி வுழூச் செய்துவிட்டு வந்தேன். குசினியில் வெளிச்சம் தெரிந்தது. எழுபத்தெட்டு வயது உம்மா, வீங்கிய மணிக்கட்டுகளோடு கேத்தலை இரண்டு கைகளாலும் அணைத்துத் தூக்கிக்கொண்டு நின்றார். எனக்குக் கோப்பி போடத்தான். கேத்தலில் ஏழெட்டுப் பேருக்குப் போதுமான தண்ணீர் இருந்தது.

"இருக்கிறது நாம ரெண்டு பேர். எதுக்கு உம்மா இவ்வளவு தண்ணி?" என்றேன்.

"வேற அளவு கைக்கு வரல்ல மகன்."

வெட்கத்துடன் கேத்தலை வாங்கி வைத்தேன். "நானே போட்டுக்கிறன். ஒராளுக்கு எவ்வளவு தூள் போடணும், அத மட்டும் சொல்லுங்கொ."

உம்மா சிறிது நேரம் யோசித்தார். "பத்துப் பேருக்கெண்டா சொல்லுவன். மய்யித்து வீட்டுல நூறு பேருக்கெண்டாலும் சொல்லுவன். ஒராளுக்கு எனக்குத் தெரியா. நான் அப்பிடி ஒரு நாளும் போட்டதில்லயே."

அறுபது வருடங்கள் கோப்பி போட்ட ஒரு பெண்ணுக்கு ஒரு கோப்பையின் அளவு தெரியவில்லை. தெரிய வேண்டிய தேவை அவருக்கு ஏற்படவில்லை. எல்லாருக்கும் ஊற்றிய பிறகு கேத்தலின் அடியில் மிஞ்சும் மண்டியில் கொஞ்சம் சுடுதண்ணீர் விட்டுக் கலக்கி, நின்ற நிலையிலேயே குடிப்பார். அதுவே அவருடைய கோப்பி. அதற்கு அளவு கிடையாது. மிச்சத்திற்கு ஏது அளவு?

அன்றிலிருந்து நாங்கள் இருவரும் சேர்ந்து அந்த அளவைத் தேடினோம். எங்கள் வளவில் மூன்று கோப்பி மரங்கள் நிற்கின்றன. பழம் சிவந்ததும் பறித்து, காயவைத்து, உரலிலிட்டுத் தோல் நீக்கி, மண்சட்டியில் வறுத்து, இடித்து அரித்த தூள் போத்தலில் இருந்தது. முதல் நாள் தூளை அள்ளிப்போட்டுக் கொதிக்கக் கொதிக்க ஊற்றி, பத்து நிமிடம் மூடி வைத்தேன். நாக்கில் வைக்க முடியாத கசப்பு. மறுநாள் தூளைக் குறைத்தேன். உம்மா ஒரு மிடறு குடித்துவிட்டு, "இது கோப்பிச் சட்டி கழுவின தண்ணி" என்றார். மூன்றாம் நாள், தூளைக் கடதாசியில் மடித்துக்கொண்டு போய்ப் பாடசாலை விஞ்ஞானகூடத்துத் தராசில் நிறுத்துப் பார்த்தேன். கண்டது இவ்வளவுதான்: 10 கிராம் தூளுக்கு 150 மில்லிலீற்றர் தண்ணீர். எங்கள் வீட்டுத் தேக்கரண்டியில் குவித்து மூன்று.

தண்ணீரின் சூட்டிலும் ஒரு கணக்கிருக்கிறது. கோப்பிக்கு 90 முதல் 96 பாகை வரையான சூடு பொருந்தும். அதற்கு மேலே போனால் கசப்பு முந்திக்கொண்டு இறங்கும். கொழும்பில் 100 பாகையில் கொதிக்கும் தண்ணீர், ஏறத்தாழ 680 மீற்றர் உயரத்திலுள்ள பதுளையில் 98 பாகைக்குச் சற்றுக் கீழேயே கொதித்துவிடுகிறது. 1,200 மீற்றருக்கு மேலுள்ள பண்டாரவளையில் 96 பாகையே போதும். ஆகவே பண்டாரவளைக்காரர் கொதித்த கையோடு ஊற்றலாம். நாங்கள் அடுப்பிலிருந்து இறக்கி ஒரு நிமிடமாவது பொறுக்க வேண்டும்.

பிறகு வடித்தல். கம்பி வளையத்தில் தைத்த பருத்திச் சீலைத் துண்டைக் கோப்பையின் மேல் வைத்து, தூளைப் போட்டு, அது நனையுமளவு மட்டும் முதலில் தண்ணீர் விட வேண்டும். புதிதாக வறுத்த தூளானால், வறுக்கும்போது உள்ளே அடைபட்ட காபனீரொட்சைட்டு வாயு வெளியேறித் தூள் பொங்கி எழும். அரை நிமிடம் பொறுத்து, மிகுதித் தண்ணீரை நூல்போல் மெதுவாகச் சுற்றி விட வேண்டும். மூன்று நான்கு நிமிடங்களில் மண்டியில்லாத கோப்பி இறங்கிவிடும். சீலையைச் சவர்க்காரம் போடாமல் சுடுதண்ணீரில் அலச வேண்டும். இல்லாவிட்டால் மறுநாள் கோப்பியில் சவர்க்காரம் மணக்கும்.

சீலைக்குப் பதிலாகத் தாளில் வடிக்கும் முறையும் ஒரு குசினியில் பிறந்ததுதான். 1908இல் ஜேர்மனியின் ட்ரெஸ்டன் நகரில் மெலிட்டா பென்ட்ஸ் என்ற இல்லத்தரசி, ஒரு பித்தளைப் பாத்திரத்தின் அடியில் ஆணியால் துளைகளிட்டு, மகனுடைய பாடசாலைக் கொப்பியிலிருந்த மையொற்றுத்தாளை அதில் விரித்துக் கோப்பி வடித்தார். அதற்குக் காப்புரிமையும் பெற்றார். மண்டியின் கசப்பு யார் வாயில் பட்டதோ அவரே வடியையும் கண்டுபிடித்தார். எங்கள் வீட்டில் மண்டி உம்மாவின் பங்காக இருந்தது. அதனால்தான் அது எனக்கு ஒரு பிரச்சினையாகத் தெரியவில்லை போலும்.

இதை ஆசிரியர் அறையில் சொன்னபோது இரண்டு மறுப்புகள் வந்தன. இரண்டையும் இலேசாகத் தள்ளிவிட முடியாது.

முதலாவது, கோப்பி கூடிக் குடிக்க வந்த பானம் என்பது. இது உண்மை. பதினைந்தாம் நூற்றாண்டில் யெமன் நாட்டு ஸூபிகள் இரவு திக்ருக்கு விழித்திருப்பதற்காகக் கோப்பி குடித்தார்கள். கெய்ரோவில் அவர்கள் கூடிய மஜ்லிஸ்களில், பெரிய சிவப்பு மண்பாத்திரத்திலிருந்து ஷெய்கு சிறு அகப்பையால் மொண்டு, வலப்புறமிருந்து வரிசையாகக் கொடுத்ததாகப் பதினாறாம் நூற்றாண்டில் கோப்பி பற்றி நூலெழுதிய அப்துல் காதிர் அல்-ஜஸீரி பதிவு செய்திருக்கிறார். 1511இல் மக்காவில் கைர் பேக் என்ற அதிகாரி கோப்பியைத் தடைசெய்தபோது, பானத்தைப் பற்றிய சந்தேகத்தோடு அதைச் சுற்றிக் கூடிய கூட்டத்தைப் பற்றிய அச்சமும் அதில் கலந்திருந்தது. அப்படியிருக்க, தனக்கென்று ஒரு கோப்பையை வடித்துக்கொண்டு மூலையில் குந்தியிருப்பது அந்த மரபிலிருந்து விலகிப்போவதல்லவா?

இரண்டாவது மறுப்பு வீண்விரயம் பற்றியது. 2022இல் எரிவாயுச் சிலிண்டருக்காக வரிசையில் நின்ற நாட்களை யாரும் மறந்திருக்க மாட்டோம். விறகுக்குத் திரும்பிய அந்நாட்களில், அடுப்பை மூட்டினால் வீடு முழுவதற்கும் சேர்த்தே மூட்டினோம். ஒரு கோப்பைக்கு ஓர் அடுப்பு, பத்து நிமிட மினக்கேடு, அதிலும் சூடு பார்த்து, நிறை பார்த்து. இது நப்ஸுக்குத் தீனி போடுவதாகாதா என்று கேட்டார் என்னிலும் மூத்த ஓர் ஆசிரியர்.

இரண்டு கேள்விகளையும் பல நாட்கள் மனதில் வைத்திருந்தேன். வழி திறந்தது இந்த மண்ணின் கோப்பிக் கதையில்தான்.

நமது மலைகள் தேயிலைக்கு முன்னர் கோப்பி மலைகளாக இருந்தன. 1870 அளவில் இலங்கையிலிருந்து ஏறத்தாழ 10 இலட்சம் அந்தர் கோப்பி ஏற்றுமதியானது. அதற்கு முந்திய வருடமான 1869இலேயே, இதே ஊவாவின் மடுல்சீமைப் பகுதியில், கோப்பி இலையின் அடியில் செம்மஞ்சள் தூள் படிந்திருக்கக் கண்டார்கள். ஹெமிலியா வஸ்டாட்ரிக்ஸ் என்று பெயரிடப்பட்ட அந்தப் பூஞ்சணம் இருபது வருடங்களுக்குள் பெருந்தோட்டக் கோப்பியை அழித்துவிட்டது. அந்த இடத்தைத் தேயிலை பிடித்தது. பதுளைக்குப் புகையிரதம் வந்து சேர்ந்தது 1924இல். அப்போது அது ஏற்றிச் செல்லக் கோப்பி இருக்கவில்லை.

அந்தக் கோப்பியைப் பயிரிட்டவர்கள், தமிழகத்திலிருந்து மன்னார் வழியாகக் காட்டுப் பாதையில் நடந்தே வந்தவர்கள். வழியில் காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் விழுந்தவர்கள் ஏராளம். கிராமத்து வளவுகளிலும் கோப்பி காய்த்தது. எங்கள் முன்னோரான தவளக்காரர்கள் மாடுகளின் முதுகில் உப்பும் புடவையும் ஏற்றிவந்து, திரும்பும்போது பாக்கும் கோப்பியும் கொண்டுபோனார்கள். மாட்டின் மேல் எத்தனை பொதி, கப்பலில் எத்தனை அந்தர் என்று எல்லாவற்றுக்கும் கணக்கிருந்தது. காட்டில் விழுந்தவர்களுக்குத்தான் சரியான கணக்கில்லை.

இன்றும் தோட்டத்தில் ஒரு நாள் வேலையைப் 'பேர்' என்றே சொல்கிறார்கள். குறித்த கிலோ கொழுந்து பறித்தால் ஒரு பேர். குறைந்தால் அரைப் பேர். ஒரு மனுஷியின் முழுநாளும் பாதி மனுஷியாகக் கணக்கில் ஏறுகிறது. அந்தப் பெண் அதிகாலை நான்கு மணிக்கு எழும்பி, லயக் காம்பிராவில் எல்லாருக்கும் தேத்தண்ணி ஊற்றி, பிள்ளைகளுக்கு ரொட்டி சுட்டு வைத்துவிட்டுப் பெரட்டுக்கு ஓடுகிறாள். அவளிடம் போய் ஓர் ஆளுக்கான தேயிலை அளவு என்ன என்று கேட்டால், அவளும் என் உம்மாவைப் போலவே யோசிப்பாள் என்று நினைக்கிறேன்.

இந்த மலைகளில் ஒருவர் கொடுக்க வேண்டியதற்கு எப்போதும் அளவிருந்திருக்கிறது. ஒருவருக்குக் கிடைக்க வேண்டியதற்குத்தான் அளவில்லை. தோட்டத்தின் கணக்கும் அப்படி, எங்கள் குசினியின் கணக்கும் அப்படி. தோட்டக் கணக்கைப் பற்றி மேடையில் பேசுவது எங்களுக்கு எளிது. நானும் பேசியிருக்கிறேன். குசினிக் கணக்கு என் சொந்தக் கணக்கு.

இப்போது அந்த இரண்டு மறுப்புகளுக்கும் வருகிறேன். கூடிக் குடிப்பது மேலானதுதான். ஆனால் அந்த மஜ்லிஸில் ஷெய்குவே அகப்பையைப் பிடித்தார் என்பதை நாம் மறந்துவிட்டோம். ஊற்றுபவர் ஒருபோதும் அமராத சபையைக் கூடிக் குடித்தல் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவருடைய பங்கு கேத்தலின் அடியில் கிடந்தால், அங்கே கூடியிருப்பது மற்றவர்கள்தான்.

வீண்விரயம் என்ற கேள்விக்கு என் பதில் சற்றுச் சிக்கலானது. ஒரே கோப்பை, ஒரே பத்து நிமிடம், யார் செய்கிறார், யாருக்குச் செய்கிறார் என்பதைப் பொறுத்து வேறுவேறு செயலாகிவிடுகிறது. நான் எனக்காக வடிக்கும் கோப்பை பெருமைப்படத்தக்க காரியமல்ல. அது ஒரு கடனைக் கூட்டாமல் நிறுத்துவது, அவ்வளவுதான். அதைச் சுவைபார்த்துச் சிலாகித்துக்கொண்டு நான் அங்கேயே நின்றுவிட்டால், மூத்த ஆசிரியர் சொன்னது சரியாகிவிடும். ஆனால் வாழ்நாளெல்லாம் மிச்சத்தைக் குடித்த ஒருவருக்காக அதே கவனத்தோடு வடிக்கும் கோப்பை ஆடம்பரமாகாது. அது அவருடைய ஹக்கு. யாரும் பார்க்காவிட்டாலும் ஒரு காரியத்தை அழகாகச் செய்வதை இஹ்ஸான் என்று ஓதிப் படித்திருக்கிறோம். அந்த அழகு பள்ளிவாசலோடு நின்றுவிடாமல் குசினி வரைக்கும் வரவேண்டும்.

மனைவி திரும்பி வந்த மறுநாள் காலை, "உங்களுக்கு எப்படி வேணும், சீனி எவ்வளவு?" என்று கேட்டேன். "இருபத்திரண்டு வருஷத்துக்குப் பொறகு கேக்குறீங்க" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பில் எனக்குரிய அளவும் இருந்தது.

உம்மாவுக்கு முதன்முதலாகத் தனியாக ஒரு கோப்பையை வடித்துப் பீரிஸில் வைத்துக் கொடுத்தபோது, "இது யாருக்கு?" என்று கேட்டார். உங்களுக்குத்தான் என்றேன். "நீங்க குடிச்சீங்களா?" என்றார். ஒரு நேரத்தில் ஒன்றுதான் வடிக்கலாம், என்னுடையது அடுத்தது என்று சொன்னேன். நம்பாதவர்போலப் பார்த்துவிட்டு, பாதியைப் பீரிஸில் ஊற்றி என் பக்கம் தள்ளினார். இரண்டு வாரங்களுக்கு மேல் ஒவ்வொரு நாளும் அப்படித்தான். பாதியை அவர் தள்ளுவார், நான் வாங்கிக்கொள்வேன். தடுத்தால் கோப்பை அப்படியே ஆறிப்போகும் என்று எனக்குத் தெரியும்.

மூன்றாவது வாரத்தில் ஒரு நாள் அவர் தள்ளவில்லை. யன்னலருகில் உட்கார்ந்து, கருப்பட்டித் துண்டைக் கடித்துக்கொண்டு, கோப்பை முழுவதையும் மெதுவாகக் குடித்தார். குடித்து முடித்ததும் வெறுங்கோப்பையை என்னிடம் நீட்டி, "நாளைக்கு இன்னும் கொஞ்சம் தூள் கூடப் போடுங்கொ மகன். எனக்குக் கடுப்பமா இருந்தாத்தான் விருப்பம்" என்றார்.

உம்மாவுக்கு எது விருப்பம் என்று அவர் வாயால் நான் கேட்டது அன்றுதான்.