சமன் தோல்வியாகுமா?

வெற்றி, தோல்வி என்னும் இரண்டனுள் அடங்காத மூன்றாவது முடிவொன்று சதுரங்கத்தில் உண்டு. பலரும் 'டிரா' என வழங்கும் சமனே அது. இருவர்க்கும் அரைப் புள்ளி கிடைக்கும். ஆயினும், எல்லா அரைப் புள்ளிகளும் ஒரே மதிப்புடையனவா? சிந்திப்போம்.

மன்றங்களில் ஆடும் எளிய ஆட்டக்காரர் இருவர் ஒரு போட்டியில் எதிர்ப்படுகின்றனர் எனக் கொள்வோம். ஒருவரிடம் அரசனும் ஒரு சிப்பாயும். மற்றவரிடம் அரசன் மட்டுமே. முடிவு தெரிந்துவிட்டது என்றே காண்போர் கருதுவர். ஆனால் தனித்த அரசன் சிப்பாயின் வழியை மறித்து நின்று, கட்டம் கட்டமாகப் பின்வாங்குகிறான். சிப்பாய் கடைசி வரிசைக்கு முந்திய வரிசையை எட்டுகையில், அவனுக்குச் 'செக்'கும் இல்லை. நகர இடமும் இல்லை. விதிப்படி ஆட்டம் சமன். ஒரு கட்டம் பிழைத்திருந்தால் தோல்வியே. இவ்வரைப் புள்ளி பொறுமைக்குக் கிடைத்த ஊதியம். இறுதிவரை முயன்ற எதிராளிக்கும் இதில் இழிவில்லை.

மற்றொரு வகைச் சமனும் உண்டு. பலகை நிறையக் காய்கள் இருக்கும்போதே, தோற்றுவிடுவோமோ என அஞ்சிச் சில நகர்த்தல்களில் கைகுலுக்கி எழுவது அது. நிலை உண்மையிலேயே ஒத்திருப்பின் உடன்படுதல் நேர்மை. அச்சத்தால் உடன்படுவதோ முயற்சியைத் துறப்பதாகும்.

"வெல்லும் நிலையில் இருப்பவர், எளியவர்மேல் இரங்கிச் சமன் அளித்தல் அறமன்றோ?" எனச் சிலர் வினவலாம். அன்று என்பதே நம் துணிபு. அந்த அரைப் புள்ளி, அதே போட்டியில் உழைத்தாடும் பிறருடைய வரிசையைக் கீழிறக்கக்கூடும். பெற்றவரும் தம் திறனைத் தவறாக மதிப்பார். பிறர் பங்கிலிருந்து எடுத்து வழங்குவது ஈகையாகாது.

1984இல் மாஸ்கோவில் கார்ப்போவும் காஸ்பரோவும் உலகப் பட்டத்திற்கு மோதினர். முதலில் ஆறு ஆட்டங்களை வெல்பவர்க்கே பட்டம். 27 ஆட்டங்கள் முடிந்தபோது கார்ப்போவ் ஐந்தில் வென்றிருந்தார். காஸ்பரோவ் ஒன்றிலும் வெல்லவில்லை. இன்னும் ஒரு தோல்வி நேர்ந்தால் எல்லாம் முடிந்துவிடும். காஸ்பரோவ் சமன்மேல் சமனாகத் தாங்கி நின்று, பின்னர் மூன்று ஆட்டங்களை வென்றார். 48 ஆட்டங்களில் 40 சமனாயின. 1985 பிப்ரவரியில் போட்டி முடிவின்றி நிறுத்தப்பட்டது. அவ்வாண்டு நவம்பரில், புதிதாக நடந்த போட்டியில் அவரே வாகை சூடினார். அன்று தாங்கி நின்றிராவிடில் இப்பட்டம் ஏது?

ஆதலின், "சமன்" என்று கூறி வீடு திரும்பும் பிள்ளையைக் கண்டு முகம் வாடுதல் வேண்டா. "அஞ்சி விட்டாயா, தாங்கி நின்றாயா?" என்று மட்டும் கேட்போம். அவ்வினாவே பிள்ளையைத் தன் மனத்தைத் தானே ஆராயப் பழக்கும்.