படைவீரர் ஓய்வும் உயிரின் ஓய்வும்

உலகில் உயிர்கள் யாவும் ஓய்வினை அவாவி நிற்கின்றன. பகலெல்லாம் உழைத்தவன் இரவை நோக்குவதும், போர்க்களத்து நின்றவன் பாசறையை நோக்குவதும் இயல்பேயாம். ஆயின், உலகத்தார் ஓய்வென்று வழங்குவது மெய்யான ஓய்வுதானோ என்பது ஆராயற்பாலது. செயலற்றுக் கிடத்தலே ஓய்வெனின், கல்லும் மரமும் முத்தி பெற்றனவாதல் வேண்டும். அது பொருந்தாமை வெளிப்படை.

பிரெஞ்சு தேசத்து ஓவியர் எதுவார் தெத்தாய் என்பார் 1888-ஆம் ஆண்டில் 'கனவு' என்னும் பேரோவியம் ஒன்று தீட்டினார். அது பாரிசு நகரத்து ஓர்சே காட்சிச்சாலையில் உள்ளது. வெட்டவெளியிலே துப்பாக்கிகள் ஒன்றன்மேல் ஒன்று சார்த்தி நிறுத்தப்பட்டிருக்க, அவற்றின் பக்கத்தே இளம்போர்வீரர் நிரையாக உறங்குகின்றனர். மேலே முகிலிடையே முன்னோர் படைகள் கொடியுயர்த்திச் செல்கின்றன. 1870-இல் தொடங்கிய பிரஷியப் போரில் தோல்வியுற்ற நாட்டின் ஏக்கம் அவ்வோவியத்தில் விளங்குகின்றது. உடல் கிடந்தது, உள்ளமோ போர் ஒழியவில்லை.

இதனைச் சித்தாந்த நூலோர் அவத்தை முறையால் விளக்குவர். நனவில் உயிரோடு கூடித் தொழிற்படும் கருவிகள் 35. கனவில் அவற்றுள் 10 நீங்க 25 நிற்கும். உறக்கத்தில் 3 எஞ்சும். கருவிகள் நீங்குந்தோறும் உயிர் அறிவு குன்றி மயங்குவதன்றி மலத்தினின்று விடுபடுவதன்று. விழித்த அளவில் பழைய வினையே மீள வந்து பற்றும். ஆகவே, உறக்கம் கேவலத்தின் சாயலேயன்றிச் சுத்தத்தின் இன்பம் ஆகாதென்க.

இதற்குச் சான்று தேடி அயல்நாட்டிற்குச் செல்ல வேண்டுவதில்லை. வேலூர்க் கோட்டையே போதும். 1805 நவம்பரில் கும்பினிப் படைத்தலைமை சிப்பாய்களுக்குப் புதிய உடைக்கட்டளை விதித்தது. சீருடையில் நிற்குங்கால் நெற்றியிற் சமயக்குறி இடலாகாது. தாடியை மழித்தல் வேண்டும். தோற்குச்சம் வைத்த புதுத் தலைப்பாகை அணிதல் வேண்டும் என்பன அவை. தோல் தன்னளவிற் குற்றமுடையதன்று. அதனைப் பதனிட்டே இன்று ஆம்பூரிலும் வேலூர்ப் பக்கத்திலும் பல்லாயிரவர் பிழைக்கின்றனர். ஒருவன் நெற்றியின் திருநீற்றை அழித்து, அவன் தலைமேல் அவன் வெறுப்பதனைச் சுமத்தியதே கொடுமை. 1806 ஜூலை 10-ஆம் நாள் விடியுமுன் சிப்பாய்கள் எழுந்தனர். பிறர் உள்ளத்தைப் புண்படுத்தி, மதிலையும் அகழியையும் நம்பித் துயின்ற ஓய்வு அன்று துப்பாக்கி ஓசையிற் கலைந்தது.

அவ்வமயம் 16 மைல் தொலைவில் ஆர்க்காட்டுப் பாளையத்தில் 19-ஆம் குதிரைப்படை தங்கியிருந்தது. செய்தி எட்டியதும் கில்லெஸ்பி என்னும் தலைவர் அதனுடன் விரைந்தார். நண்பகலுக்குள் கோட்டை மீட்கப்பட்டது. அரண்மனையிற் புகல்புக்கிருந்த சிப்பாய்களும் வெளிக்கொணரப்பட்டுச் சுவரோரம் நிறுத்திச் சுடப்பட்டனர். பின்னர் அவ்வுடைக்கட்டளை நீக்கப்பட்டது. முன்னரே நீக்கியிருப்பின் எத்துணை உயிர்கள் எஞ்சியிருக்கும்! சிப்பாய்களும் உறங்கிக் கிடந்தோரைக் கொன்றனராதலின், கொலைப்பழி இருபாலார்க்கும் உண்டு. சினம் நியாயத்திற் பிறப்பினும் வினையாய் முடியின், அதன் பயனை உயிர் நுகர்ந்தே தீரும்.

அதே கோட்டையினுள் சலகண்டேசுரர் திருக்கோயிற் கல்யாண மண்டபத்தில் பாயும் பரிமேல் வீரர் கல்லில் வடிக்கப்பெற்று நிற்கின்றனர். ஓவியத்து வீரர் அசையாது கிடந்தும் உள்ளே போர்புரிகின்றனர். இக்கல்வீரரோ பாய்வார் போன்றிருந்தும் இறைவன் மண்டபத்தைத் தாங்கி நிற்கின்றனர். நெடுங்காலம் வழிபாடின்றிக் கிடந்த அக்கோயிலில் 1981-ஆம் ஆண்டு சிவலிங்கம் மீண்டும் எழுந்தருளிய பின்னரே அவர்தம் நிலைக்குப் பொருள் நிரம்பிற்று.

அங்ஙனமாயின், படைத்தொழில் புரிவோர்க்கு மெய்யோய்வு கிட்டாதோ எனின், கிட்டும் என்பதற்குச் சிறுத்தொண்ட நாயனாரே சான்றாவர். யானையும் குதிரையும் செலுத்தும் கலை வல்ல அப்பரஞ்சோதியார், பல்லவ வேந்தன் பொருட்டு வாதாபியை வென்று மீண்டார். அவர் சிவனடியார் என்பதை அறிந்த வேந்தன், அத்தகையாரைப் போருக்கு ஏவியதற்கு வருந்தி, நிதி நல்கி விடைகொடுத்தான். திருச்செங்காட்டங்குடி சேர்ந்த அவர் கைகட்டிச் சும்மா இருந்தாரல்லர். நாடோறும் அடியார்க்கு அமுதளிக்கும் பணியை மேற்கொண்டார். அவர்பால் ஓய்ந்தது தொழிலன்று. யான் எனது என்னும் செருக்கே ஓய்ந்தது.

ஆதலின், வாளை உறையிடுதல் உடலுக்கு ஓய்வு. உறக்கம் கருவிகளுக்கு ஓய்வு. தற்போதம் இறைவன் திருவடியில் அடங்குதலே உயிருக்கு ஓய்வு. முன்னைய இரண்டும் விடியலில் முடிவன, பின்னையது முடிவிலாதது. பிறர் நெற்றியின் நீற்றை அழித்தோ, பிறர் குருதியைச் சிந்தியோ தேடும் அமைதி ஓரிரவும் நில்லாதென்பதை அன்பர்கள் சிந்தித்துத் தெளிவார்களாக.

சிவம்.