தெரிதலும் தெளிதலும்

வாடகைக்கு விடப்பட்டுள்ள ஒரு வீட்டை விலைக்கு வாங்குபவர் சுவரையும் கூரையையும் மட்டும் வாங்குவதில்லை. அங்கே அடுப்பெரித்து வாழும் ஒரு குடும்பத்தோடு, அதுவரை இல்லாத ஓர் உறவையும் ஏற்கிறார். அக்குடும்பத்தைப் பற்றி அவர் எதனை விசாரிக்கலாம்? எதனை விசாரிக்கலாகாது?

விசாரித்தல் வேண்டும் என்பதில் ஐயமில்லை. தீபகற்ப மலேசியாவில், 1965ஆம் ஆண்டுத் தேசிய நிலச் சட்டத்தின்படி, மூன்றாண்டுக்கு மேற்படாத வாடகை ஒப்பந்தங்களைப் பதிவு செய்ய வேண்டுவதில்லை. ஆகவே, நிலப் பட்டாவைப் பார்த்த அளவில், உள்ளே இருப்பவர் யார், எந்த நிபந்தனையில் இருக்கிறார் என்பது புலப்படாது. தவணை முடிந்தும் அவர் வெளியேறாவிடில், நீதிமன்றத்தின் வழியாகவன்றி வீட்டை மீட்க இயலாது. சேமநிதிப் பணத்தோடு வங்கிக் கடனையும் சேர்த்து வீடு வாங்கும் எளியவரை ஆறு மாத வாடகை நிலுவையே நிலைகுலையச் செய்துவிடும். எனவே, ஒப்பந்தத்தைப் படிப்பதும், முத்திரைத் தீர்வை செலுத்தப்பட்டதா என்று பார்ப்பதும், வாடகைப் பற்றுச்சீட்டுகளை ஒப்புநோக்குவதும், விற்பவரிடமுள்ள முன்பணம் யார் கைக்கு மாறும் என்று கேட்பதும் அவர்தம் குடும்பத்துக்கு அவர் ஆற்றும் கடமையே.

ஆனால், "அவர்கள் என்ன இனம்? என்ன சாதி? எத்தனை பிள்ளைகள்?" என்னும் வினாக்களால் ஒருவருடைய நாணயத்தை அளக்க முடியுமா? இனத்தின் பெயரால் வீடு மறுக்கப்பட்ட கசப்பை இந்நாட்டுத் தமிழர் பலர் அறிவர். கைக்கு ஒரு வீடு வந்ததும் அதே அளவுகோலை நாம் பிறர்மீது வைப்போமாயின், நம் முறையீட்டுக்கு என்ன பொருள்? ஒருவர் செய்ததை விசாரிப்பது முறை. பிறந்ததை விசாரிப்பது முறையன்று.

"பணம் என்னுடையது, யாரை வைப்பது என்பது என் விருப்பம்" என்பாரும் உளர். 1948 ஜனவரி இறுதிக்கு முன் கட்டப்பட்ட வீடுகளுக்குக் காப்பாக இருந்த 1966ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1997இல் நீக்கப்பட்டது. இடைக்காலப் பாதுகாப்பும் 1999 இறுதியோடு முடிந்தது. பினாங்கு ஜார்ஜ்டவுனில் நெடுங்காலம் வாழ்ந்த பலர் வாடகை உயர்வைத் தாங்க மாட்டாமல் வெளியேறினர். சொற்ப வாடகையில் பழுதுபார்க்கவும் வழியின்றித் தவித்த உரிமையாளரின் குறையும் மெய்யே. எனினும், குடியிருந்தவர் இழந்தது கூரையை மட்டுமன்று. தொழிலையும், அண்டை அயலையும், பிள்ளைகள் நடந்து சென்ற பள்ளியையும் இழந்தனர். விலைப்பத்திரத்தில் இவற்றுக்குக் கட்டம் இல்லை.

ஆதலின், விசாரணை இருபுறமும் நிகழ வேண்டும். புதிய உரிமையாளர் யார், முன்பணம் பத்திரமாக உள்ளதா, ஒழுகும் கூரையை யார் சீர்செய்வர் என்று வினவ வாடகைக்காரருக்கும் உரிமையுண்டு. திருக்குறளின் 51ஆம் அதிகாரத்துக்குத் "தெரிந்து தெளிதல்" என்று பெயர். தெரிதல் ஆராய்வது, தெளிதல் நம்புவது. வீடு வாங்குவோர் பலர் முன்னதோடு நின்றுவிடுகின்றனர். ஆராய்ந்து ஏற்றுக்கொண்ட பின்னும் மாதந்தோறும் ஐயத்தோடு கதவைத் தட்டுபவர், உள்ளிருப்போர் நிம்மதியைக் கெடுப்பதோடு தம் உறக்கத்தையும் இழப்பர்.