எந்தக் கள்வனுக்கு இரக்கம்?

இவ்விடுமுறையிற் கண்ட படங்களுள், விற்றோரியோ டி சீக்கா 1948 இல் நெறிப்படுத்திய இத்தாலியப் படமான 'துவிச்சக்கர வண்டித் திருடர்' எழுப்பிய வினா நெஞ்சைவிட்டு அகலவில்லை.

போருக்குப் பிந்திய உரோமாபுரியிற் சுவரொட்டி ஒட்டும் வேலைக்கு இன்றியமையாத வண்டியை, அந்தோனியோ முதல் நாளே பறிகொடுக்கிறான். தேடியலைந்து தோற்றவன், ஈற்றில் தானும் ஒரு வண்டியைத் திருடிப் பிடிபடுகிறான். நாம் அவனை மன்னிக்கிறோம்; அவன் மனைவி மக்களை அறிவோம் அல்லவா?

ஆனால், முதற் கள்வனும் தாயுடன் ஓர் ஒடுங்கிய அறையில் வாழும் வறியவனே. அவன்மீது அத்துணை இரக்கம் ஏன் பிறக்கவில்லை? கமரா அவனைப் பின்தொடரவில்லை. அவன் கதையை நாம் அறியோம். நமது இரக்கம் கதை தெரிந்தவரோடு நின்றுவிடுகிறது. கதை அறியப்படாத கோடிக்கணக்கானோருக்கும் நீதி வேண்டுமாயின், எல்லோர்க்கும் வேலையும் உணவும் உறுதிசெய்யும் சமுதாயத்தையே நாம் அமைத்தல் வேண்டும்.