துடைப்பமும் மணற்றோட்டமும்



சென்ற பௌர்ணமி உபோசதத்தன்று பஞ்சசீலம் ஏற்று முடிந்தபின், நம் சங்கத்து இளைஞர் ஒருவர் எழுந்து, தம் வீட்டின் முன்னுள்ள நான்கடிக்கு மூன்றடி இடத்தில் ஜப்பானிய பௌத்தர் அமைக்கும் ஜென் தோட்டம் ஒன்றை அமைக்கலாமா, அது தம்மத்துக்கு உகந்ததா என வினவினார். யான் வாய் திறக்குமுன், பெங்களூர்த் தெருக்களில் முப்பதாண்டு பௌரகார்மிகராய் உழைத்து ஓய்ந்த பெரியவர் குறுக்கிட்டார்: "தம்பி, உன் பாட்டன் கல்லுடைத்தான், நான் தெருக்கூட்டினேன். நீ படித்து உத்தியோகம் பெற்றது மறுபடியும் கல்லையும் மண்ணையும் கூட்டவா? அது வயிறு நிறைந்தவன் விளையாட்டு."

சபை நகைத்தது. எனக்கு நகைப்பு வரவில்லை.

அத்தோட்டம் யாதென முதலில் உரைப்போம். நீரின்றியே நீரைக் காட்டும் தோட்டம் அது. ஜப்பானியர் கரேசான்சுயி என்பர். வெண்கற்பொடியைப் பரப்பி, பல்வைத்த மரக்கோலால் வரியிட்டு, அவ்வரிகளை அலைகளாகவும், நிறுத்திய கற்களை மலையாகவும் தீவாகவும் கொள்வர். ஜென் என்பதும் தியானம் என்னும் சொல்லே; சீனத்தில் சான் ஆகி, ஜப்பானில் ஜென் ஆயிற்று. கியோத்தோ நகரின் ரியோவான்ஜி விகாரையில் உள்ள தோட்டம் உலகறிந்தது. அங்கே 15 கற்கள். திண்ணையில் எங்கு அமர்ந்து நோக்கினும் ஒன்றேனும் மறைந்தே நிற்கும். 1450-இல் நிறுவப்பட்ட அவ்விகாரை போரில் எரிந்து மீண்டும் எழுந்தது. அத்தோட்டத்தை அமைத்தவர் இன்னாரென உறுதியாய்க் கூறுவாரில்லை.

ஆயினும் ஒரு கல்லின் பின்புறத்தில் இரண்டு பெயர்கள் வெட்டப்பட்டுள்ளன. ஒன்று கொத்தாரோ, மற்றதைப் படிப்பதில் அறிஞர் வேறுபடுவர். இவ்விருவரும் கவாரமோனோ என்னும் மக்களைச் சேர்ந்தவர் எனப் பலர் கருதுகின்றனர். அச்சொல்லுக்கு ஆற்றங்கரையார் என்பது பொருள். செத்த மாட்டின் தோலுரித்து, பிணமகற்றி, தீட்டுடையோர் என ஊருக்குப் புறத்தே தள்ளப்பட்டவர்கள். வாசகரே, இவர்களை நீர் அறிவீர்! மண்ணும் கல்லும் மரமும் சுமக்கும் வேலை இவர்கள் தலையில் விழுந்தது. அவ்வேலையிலேயே இவர்கள் ஆசான்களாயினர். இவர்களுள் ஜென்னாமி என்பார் நோயுற்றபோது, ஆஷிகாகா யோஷிமாசா என்னும் ஷோகனே மருந்து அனுப்பினான். அவர் பேரர் மாத்தாஷிரோ, கொலைத்தொழிலோர் குடியிற் பிறந்ததற்கு வருந்துவதாகவும், ஆதலின் உயிர்க்கொலை செய்வதில்லை, பொருளாசை கொள்வதில்லை என உறுதி பூண்டதாகவும் கூறியதை ஜென் துறவி ஒருவர் 1489-இல் தம் நாட்குறிப்பில் பொறித்துவைத்தார். அவர் பூண்ட சீலத்தை வணங்குகிறேன். அவர் வருத்தம் எனக்கு உடன்பாடன்று. பிறப்பில் என்ன குற்றம்? குற்றம் அவ்வாறு அழைத்தவர்பாலன்றோ!

ஆகவே பெரியவர் வாக்கில் பாதி மெய். உழைத்தது நம்மைப் போன்றோர் கை; திண்ணையில் அமர்ந்து அமைதி துய்த்தவர் பிரபுக்களும் துறவிகளும். பிறர் முதுகால் வந்த அமைதி எனதாகுமா என்பதே வினா.

என் அனுபவம் ஒன்றுண்டு. யான் பதினெட்டு வயதில் ஒரு நூற்பாலையில் சேர்ந்தபோது, இயந்திரங்களின் கீழ் பறந்து படியும் பஞ்சுத்தூசியைப் பெருக்குவதே முதல் வேலை. மேஸ்திரியின் கண் என் முதுகில். என் உள்ளம் கொதித்தது. ஞாயிறன்று விகாரையின் முற்றத்தைப் பெருக்குவேன், உள்ளம் குளிர்ந்தது. கை ஒன்றே, துடைப்பமும் ஒன்றே. வேறுபாடு யாதெனப் பல காலம் விளங்கவில்லை. பெருக்கிய தரையில் யானும் அமரலாம் என்பதே அது. விநய பிடகத்தின் பரிவாரம் பெருக்குதலுக்கு ஐந்து பயன் கூறுகிறது. அவற்றுள் முதலாவது பெருக்குவோன் சித்தம் தெளிதல், காண்போன் சித்தம் தெளிதல் அதன் பின்னரே. வாடிய மலர்களை வாரிக்கொட்டிய சுநீதர் அரகந்தரானதை நாம் மறக்கலாகாது.

இளைஞர்க்கு யான் கூறியது இவ்வளவே: அமையும், ஆனால் உம் கையால் அமையும். ஆட்களை ஏவாதீர், கடையில் விற்கும் விலையுயர்ந்த பெட்டிகளும் வேண்டா. ஆற்றுமணலைத் தொடாதீர், நம் ஆறுகளைச் சுரண்டியது போதும். அன்றியும் நுண்மணலில் வரி நில்லாது. பொடி ஜல்லியைத் தூசி போகக் கழுவி இரண்டங்குலம் பரப்பும். அதை உடைத்தவர் நெஞ்சில் படிந்த தூசியையும் நினையும். கல் மூன்று போதும். மூன்றிலொரு பங்கு மண்ணுள் புதைந்தால்தான் வைத்த கல்லாகத் தோன்றாது. மழை வரியை அழித்தால் மீண்டும் இடும். குழந்தை மிதித்ததற்காக அதனை அடிப்பீராயின், அன்றே தோட்டத்தைக் கலைத்துவிடும். 14-ஆம் நூற்றாண்டின் ஜென் ஆசான் முசோ சொசெகி, தோட்டத்தில் இலாபமுமில்லை நட்டமுமில்லை, அவை மனிதன் உள்ளத்தில் உள்ளன என்றார். நான்கடி இடமும் இல்லாதவர் லால்பாக் பாறையில் சென்று அமரட்டும். ஏறத்தாழ 300 கோடி ஆண்டுகளாய் இருக்கும் கல் அது.

இளைஞர் அமைத்துவிட்டார். பெரியவரும் பார்க்க வந்தார். முன்னோக்கி நடந்து தம் வரிகளைத் தாமே மிதித்துக்கொண்டிருந்தவரிடமிருந்து கோலை வாங்கி, "பின்னால் நடந்துவா தம்பி, கூட்டுகிறவனுக்கு இது தெரியாதா?" என்று ஒரு மூலையிலிருந்து மறுமூலைவரை இழுத்துக்காட்டினார். பின்னர் வாசற்படியில் அமர்ந்து தேநீர் கேட்டார். இருட்டும்வரை எழவில்லை.